வளவில் எத்தனை அடுப்பு?

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு கானாடுகாத்தான் போயிருந்தோம். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் அந்த வீடுகளைப் பார்த்து வாயடைத்துப் போனேன். ஐம்பது அறுபது பேர் ஒரே பந்தியில் உண்டு வாழ்ந்த காலம் போய், இன்று ஃபிளாட்டில் நான்கு பேர் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொள்கிறோமே என்று கண் கலங்கியது. ஒரு சந்தேகம். சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு பூசியது உண்மையா? ஒரு வீட்டுக்கு எத்தனை முட்டை ஆகியிருக்கும்?

ர.

அன்புள்ள ர.,

முட்டை உண்மைதான். சுண்ணாம்புப் பூச்சில் கடுக்காயோடு அதுவும் சேர்ந்தது. எத்தனை என்பதை விடுங்கள். செட்டிநாடு போய்வருகிறவர்கள் எல்லோரும் முட்டை, பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல் மூன்றையும் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள்.

என்னைச் சீண்டியது அந்த 'ஒரே பந்தி'. யார் சொன்னது உங்களுக்கு? கல்யாணப் பந்தியையும் அன்றாடச் சோற்றையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கில் 'வேறு வைப்பது' என்று ஒன்று உண்டு. மகனுக்குக் கல்யாணமானால், அரிசி பருப்பு பாத்திரம் கொடுத்து அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துவிடுவார்கள். அவன் இனி ஒரு 'புள்ளி', கணக்கில் தனிக் குடும்பம். கோயில் வரிகூடப் புள்ளிக் கணக்கில்தான். முகப்பைத் தாண்டி, உள்முற்றக் கட்டான வளவில் நின்று பார்த்தீர்களா? முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஒரே அளவு அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. கட்டடக்கலை மாணவர்கள் அதை அழகு என்று வரைந்துகொண்டு போகிறார்கள். அது பங்கு, ஐயா! மூத்தவன் அறை அரையடி கூடியிருந்தால் இளையவன் சும்மா இருப்பானா?

என் அப்பா அப்படி ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளை. பள்ளி லீவில் அவருக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவேன். இரண்டாம் கட்டில் ஐந்து அடுப்பு எரியும். ஒரு நாள் ஓர் ஆச்சி எனக்கு மோர் கொடுத்தார். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் தீர்ந்திருந்தது. அடுத்த அடுப்பில் ஓரகத்தியிடம் நான்கு வாங்கி வந்தார். மறுநாள் நான் போனபோது, முறத்தில் காய்ந்ததிலிருந்து நான்கை எண்ணித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். "இன்னும் ரெண்டு வச்சுக்கங்க" என்று ஒருவர் சொல்லவுமில்லை, மற்றவர் எதிர்பார்க்கவுமில்லை. எண்ணி முடித்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

உங்கள் ஃபிளாட்டில் கதவைத்தானே சாத்துகிறார்கள்? அங்கே பூட்டியே வைத்திருந்தார்கள், சாவி இடுப்பில். அதற்காக அவர்களைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். புருஷன் மூன்று வருஷக் கணக்கு என்று ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கப்பலேறிவிடுவான். இங்கே பதினெட்டு வயசுப் பெண், மாமியார் கையைப் பார்க்காமல் தன் உலையைத் தானே வைத்தாள். அந்த மரியாதையைக் கொடுத்தது அந்தப் பூட்டுதான். கூட்டுக்குடும்பம், கூட்டுக்குடும்பம் என்று உருகுகிறவர்களில் அங்கே மருமகளாக இருந்து பார்த்தவர் யாராவது உண்டா?

1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். பர்மாப் பணம் நின்றது, கட்டுமானமும் படுத்தது. புள்ளி மட்டும் பெருகிக்கொண்டே போனது. இன்று ஒரே வீட்டுக்குப் பத்து ஊரில் பங்காளிகள். எல்லோரும் சம்மதிக்காமல் ஓடு மாற்ற முடியாது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குத் தூணும் நிலையும் எப்படி வந்து சேர்கின்றன என்று நினைக்கிறீர்கள்? 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் ஏறின. நல்லது, வேறென்ன சொல்ல.

போன தையில் அப்பா வேலை பார்த்த வீட்டுக்குப் போனேன். வளவைச் சுற்றி எல்லா அறையும் பூட்டு. பூட்டில் எல்லாம் புது எண்ணெய். காவல்காரரிடம் கேட்டேன்.

"முன்னோருக்குப் படைப்பு வருதுல்ல. எல்லாரும் வருவாக. அன்னைக்கு ஒரே சமையல், ஒரே பந்திதான். செலவை மட்டும் புள்ளிக்கு இவ்வளவுன்னு பிரிச்சுருவாக."