கல் மேல் நிற்கும் மரவீடு: வாசகர் கேள்விகள்

கே: பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், பேராலயத்தின் அருகே உணவகமாக நடக்கும் கமெர்செல் வீட்டில் கீழ்த்தளம் மட்டும் கல், மேலே எல்லாம் மரம். ஏன் அப்படி?

ப: அவை வெவ்வேறு காலத்தவை. வீடு முதலில் எழுந்தது 1427இல். கல் தளம் 1467ஐச் சேர்ந்தது. அதன் மேல் மரமாடிகளை 1589இல் கட்டியவர் மார்ட்டின் பிரவுன் என்ற பாலாடைக்கட்டி வணிகர். 'கமெர்செல்' என்பது 19ஆம் நூற்றாண்டில் அங்கு மளிகைக் கடை வைத்திருந்தவரின் பெயர். கல் கீழே இருப்பதில் பெரிய நன்மை உண்டு. தரையின் ஈரமும் மழைத் தெறிப்பும் மரத்தைத் தொடுவதில்லை. மரவீட்டைக் கொல்வது பெரும்பாலும் அடிக்கால் ஈரம்தான்.

கே: மாடி ஏன் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது?

ப: மாடித் தரையைத் தாங்கும் கட்டையின் நுனி கீழ்ச்சுவரைத் தாண்டி நீளும், மேல்மாடிச் சுவர் அந்த நுனியில் உட்காரும். மாடியில் இடம் கூடும், கீழ்ச்சுவர் மழையில் நனையாது. நுனியில் விழும் அந்தப் பாரம், அறையின் நடுவே கட்டை தொய்வதையும் குறைக்கிறது.

கே: ஆணி இல்லாமல் சட்டங்கள் எப்படி நிற்கின்றன?

ப: ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றதில் குடைந்த துளையில் செருகி, குறுக்கே ஓக் மர முளை (ஆப்பு) அடிப்பார்கள். நாக்கிலுள்ள முளைத்துளையைச் சில மில்லிமீட்டர் தள்ளிப் போடுவதில்தான் தச்சரின் கைத்திறன் இருக்கிறது. முளை இறங்க இறங்க நாக்கு உள்ளே இழுபட்டு இறுகும். பழைய மரவீடு எதிலாவது மூட்டருகே உற்றுப் பாருங்கள்: தூணிலும், சட்டத்தைச் சாயாமல் பிடிக்கும் சாய்கட்டையிலும் உளியால் வெட்டிய ஒரே ரோமன் எண் தெரியலாம். பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திய சட்டத்தைப் பிரித்து, கட்டும் இடத்தில் மீண்டும் சேர்க்க இட்ட அடையாளம் அது.

கே: இப்படிப்பட்ட வீட்டில் சட்டங்களுக்கு இடையே சிமெண்ட் பூசலாமா?

ப: கூடவே கூடாது. அங்கே இருந்தது குச்சிப் பின்னலின் மேல் வைக்கோல் கலந்த களிமண். மரம் பருவத்துக்குப் பருவம் உப்பும், சுருங்கும், களிமண் அதற்கு இடம் கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது. மரத்தின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், மழைநீர் அதில் இறங்கும், ஏறிய ஈரம் வெளியேற வழியிருக்காது. வெளியே பளிச்சென்றிருக்க, உள்ளே தூணின் அடி கறுத்து உளுத்துவிடும்.

சிமெண்டைக் கவனமாகப் பெயர்த்துவிட்டு, களிமண், மணல், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் பிசைந்து 2 அல்லது 3 செ.மீ. அப்புங்கள். காய வாரக்கணக்காகும், வெடிப்பும் விழும். அது குறையல்ல, அதை அடைத்துவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து மெல்லிசாகப் பூசினால் பிடிக்கும். உறைபனிக் காலத்துக்குள் காயாத பூச்சு உதிர்ந்துவிடும், ஆகவே வசந்தத்தில் தொடங்குங்கள். மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் போதும், பிளாஸ்டிக் வண்ணம் வேண்டாம். தூணின் அடி உளுத்திருந்தால் முழுத் தூணையும் எடுக்க வேண்டியதில்லை. நல்ல மரம் வரும்வரை அறுத்து, சாய்வெட்டாகப் புது ஓக்கை ஒட்டுப் போட்டு முளை அடிக்கலாம்.

கே: கமெர்செல் வீட்டு ஜன்னல்களில் வட்ட வட்டமான கண்ணாடி எதற்கு?

ப: பெரிய பலகைக் கண்ணாடி அன்று எளிதில் கிடைக்காது. ஊதிச் சுழற்றிய சிறு வட்டங்களை ஈயப்பட்டையில் கோர்த்தார்கள். அங்கே 75 ஜன்னல்கள்.

கே: உணவகமாக மாற்றும்போது எதைத் தொடக்கூடாது?

ப: சாய்கட்டைகளை. வாசலுக்காகவோ புகைக்குழாய்க்காகவோ ஒன்றை அறுத்தாலும் சட்டம் பக்கவாட்டில் சாயத் தொடங்கும், மேல்மாடிக் கதவுகள் இறுகும். குழாயை மண் நிரப்பிய கட்டத்தின் வழியே கொண்டுபோங்கள், சூடு மரத்தில் படாதபடி இடைவெளி விட்டு.