வல்லாரை கொடுங்கள், அமுக்கரா வேண்டாம்

கேள்வி: அப்பா தவறி ஐந்து மாதம் ஆகிறது. 58 வயது அம்மாவுக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. மனநல மருத்துவர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். தைராய்டு மாத்திரையும் உண்டு. "அதெல்லாம் பழக்கமாயிடும், நிறுத்திட்டு அமுக்கராவும் வல்லாரையும் கொடு" என்கிறார் பெரியம்மா. கொடுக்கலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன். திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஓர் உணர்வு எல்லாம் வரலாம். நோய் முற்றிவிட்டதோ என்று வீடே பயந்துபோகும். குறைப்பதானால், எழுதிக்கொடுத்தவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் பொடியாகக் கிடைப்பதால் அமுக்கராவைச் சத்துமாவு போல நினைத்துவிடுகிறோம். அது மருந்து. சில வாரங்களே நடந்த சிறிய ஆய்வுகளில் பதற்றம் குறைந்து தூக்கம் ஓரளவு சீரானது உண்மைதான். ஆனால் அது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அளவு எகிறினால் படபடப்பு வரும், இருக்கிற தூக்கமும் போகும். தூக்க மாத்திரையும் இருந்தால் மந்தம் கூடும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. எனவே உங்கள் அம்மாவுக்கு இப்போது வேண்டாம்.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பவர்களுக்குச் சர்ப்பகந்தாவைச் சொல்வேன். மனநோய்க்குக் கொடுத்துவந்த வேர் அது. 1952-ல் அதிலிருந்து ரிசர்பைன் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்களே எழுதினார்கள்.

வல்லாரையைக் கீரையாகக் கொடுங்கள். வாரம் இரண்டு நாள், ஒரு கைப்பிடி போதும். குளக்கரை, வாய்க்கால் ஓரங்களில் வளர்வது என்பதால் நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். உளுந்து, மிளகாயோடு நெய்யில் வதக்கி, புளியும் தேங்காயும் வைத்துத் துவையலாக அரைத்தால் கசப்பு தெரியாது. சுடுசோற்றில் பிசைந்து கொடுங்கள், இரண்டு கவளம் கூடவே இறங்கும். துயரம் தீரும் என்று இதைக் கொடுக்காதீர்கள். பசி எடுக்கத்தான் கொடுக்கிறோம். வல்லாரை மாத்திரை, லேகியம் வேண்டாம். பிரம்மி என்று எழுதியிருந்தால் கவனம்: வடக்கே வல்லாரையையும் அப்படிச் சொல்வதுண்டு, நம் நீர்ப்பிரமி வேறு செடி.

பாலில் சாதிக்காய் போடுவீர்களானால் சிட்டிகைக்கு மேல் போகாதீர்கள். அதிகமானால் நெஞ்சு படபடக்கும், புத்தி தடுமாறும்.

மூலிகை தேடும் முன் ரத்தத்தில் பி12, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பாருங்கள். பி12 குறைந்தாலும் சோர்வும் மறதியும் வரும். சைவக்காரர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துக் காபி கொடுங்கள். உடனே குடித்தால் மருந்து சரியாகச் சேராது.

"நான் எதுக்கு இருக்கணும்" என்பது போல அம்மா ஒரு வார்த்தை சொன்னாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.