முழங்காலுக்கு மேல் கால் எடுத்தவருக்கு எந்தச் செயற்கைக் கால் நல்லது? அதனால் நடையும் தசை வலுவும் மாறுமா?

கட்டாயம் மாறும். அப்பாவுக்குப் பூட்டு வைத்த முழங்கால் மூட்டா, ஹைட்ராலிக் மூட்டா, மைக்ரோபிராசசர் மூட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். செயற்கைக் கால் பொருத்தியவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். மூட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் சாக்கெட்டையும் இடுப்புத் தசையையும் கவனியுங்கள்.

மீதமுள்ள தொடை உட்காரும் கூடுதான் சாக்கெட். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல மாதங்களுக்குத் தொடை வற்றிக்கொண்டே வரும். காலையில் கச்சிதமாக இருந்த சாக்கெட் சாயங்காலம் ஆடும். மீதமுள்ள தொடைக்குப் போடும் உறையான ஸ்டம்ப் சாக்ஸ் ஒன்று கூடுதலாகப் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கும் நிற்கவில்லை என்றால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். உள்ளே வலித்தால் யாரும் அந்தக் காலில் பாரம் போட மாட்டார்கள். பாரம் ஏறாத பக்கம் தசை கரையும், நல்ல காலின் முழங்கால் கூடுதல் சுமையில் தேயும்.

இனி மூட்டு. பூட்டு மூட்டு நடக்கும்போது மடங்காது, ஆகவே விழும் பயம் குறைவு. ஆனால் இடுப்பைத் தூக்கியோ, காலை வெளிப்பக்கமாகச் சுழற்றியோதான் அடி வைக்க முடியும், சீக்கிரம் களைத்துவிடுவார்கள். பூட்டில்லாத எளிய மூட்டில் குதிகால் தரையைத் தொடும் அந்த நொடியில் பிட்டத் தசையால் தொடையைப் பின்னுக்கு அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டு சட்டென்று மடங்கிவிடும். ஹைட்ராலிக் மூட்டு எதிர்ப்புக் கொடுத்து மெதுவாக மடங்கும். 1997-ல் அறிமுகமான சி-லெக் போன்ற மைக்ரோபிராசசர் மூட்டுகளில் அந்த எதிர்ப்பைச் சென்சார்கள் பார்த்துப் பார்த்து மாற்றும். இறக்கத்திலும் தடுக்கி விழப்போகும் நேரத்திலும் இது பெரிய துணை, வசதி இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் இவற்றில் எதுவும் உடம்பை முன்னே தள்ளாது. அந்த வேலை இடுப்புடையது.

செயற்கைக் காலில் நிற்கும்போது அப்பாவின் உடம்பு அந்தப் பக்கமே சாய்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். இடுப்பின் பக்கவாட்டுத் தசை சோர்ந்திருந்தால் அப்படிச் சாயும். கால் குட்டையாக இருந்தாலும், சாக்கெட் சரியில்லாவிட்டாலும் சாயும். எது காரணம் என்று பார்க்காமல் மூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

தயவுசெய்து தொடைக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைக்கவும் வேண்டாம். இடுப்பு மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காலானாலும் நேராக நின்று அடி வைக்க முடியாது. டாக்டர் சரி என்றால் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கட்டும்.

பாதத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கார்பன் ஃபைபர் பாதம் வேகமாக நடப்பவருக்குத்தான் முழுப் பலன் தரும்.

வாங்குவதற்கு முன் மூட்டைப் போட்டு நடந்து பார்க்கக் கேளுங்கள். சமதரையில் நடந்தால் போதாது. சரிவில் இறங்குவது, படி ஏறி இறங்குவது, நாற்காலியிலிருந்து எழுவது எல்லாவற்றையும் கூடவே ஆள் நிற்கச் செய்து பார்க்கட்டும்.