சொத்து மேலாண்மை படித்தால் வீடு விற்கும் வேலைதானா?

கேள்வி கேட்டவர் ஒரு தாயார். சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியை முடிக்கப்போகும் மகள், பல்கலைக்கழகத்தில் ரியல் எஸ்டேட், சொத்து மேலாண்மை படிக்க ஆசைப்படுகிறாளாம். “வீடு விற்கிற வேலைக்கு நாலு வருஷப் படிப்பு எதற்கு?” என்று கேட்டிருக்கிறார்.

நான் அதைத்தான் படித்தேன். 2019இல் முடித்தேன். இப்போது ஒரு கொண்டோமினியத்தின் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். வீடு விற்கும் முகவராவதற்குப் பட்டமே தேவையில்லை. அதற்குத் தனியாக ஒரு பயிற்சி, ஒரு தேர்வு, ஒரு பதிவு இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் சொல்லித்தருவது வேறு. ஒரு கட்டடத்துக்கு வயதாகும்போது அதன் மதிப்புக்கு என்ன ஆகிறது, அந்த மதிப்பை யார், எந்தப் பணத்தில், எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் பாடம்.

எனக்கு இந்தப் படிப்பின் மேல் பிடிப்பு வந்தது, குத்தகையில் மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்கு ஏற்ப நிலத்தின் மதிப்பைச் சொல்லும் ‘பாலா அட்டவணை’யைப் பார்த்த அன்று. நில அலுவலகத்தில் வேலை பார்த்த பாலா என்பவரின் பெயரால் வழங்குகிறது என்று சொல்வார்கள். நம்மவர் பெயர் ஒன்று வகுப்பறைத் திரையில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முழு உரிமையுள்ள நிலத்தின் மதிப்பை 100 என்று வைத்துக்கொண்டால், 99 ஆண்டுக் குத்தகை நிலத்தின் மதிப்பு 96. குத்தகையில் 60 ஆண்டு மிச்சமிருந்தால் 80. 30 ஆண்டு இருந்தால் 60. கவனித்துப் பாருங்கள்: முதல் 39 ஆண்டுகளில் குறைவது வெறும் 16. கடைசி 30 ஆண்டுகளில் மிச்சமிருக்கும் 60ம் கரைந்துவிடும். அரசு கட்டிக்கொடுக்கும் வீவக வீடுகளும் 99 ஆண்டுக் குத்தகைதான். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் முதலில் கேட்டது, “நம் வீட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது?” என்றுதான்.

கேலாங் வட்டாரத்தில் லோரோங் 3 என்ற தெருவில் 191 வீடுகள் வரிசையாக இருந்தன. 60 ஆண்டுக் குத்தகை. 2020 டிசம்பர் 31ஆம் தேதி அது முடிந்ததும், இழப்பீடு எதுவும் இல்லாமல் நிலம் அரசிடம் திரும்பிப் போனது. முடியப்போகிறது என்று 2017இலேயே அறிவித்துவிட்டார்கள். நான் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அந்தத் தெருவில் நடந்து போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அட்டவணையில் பூஜ்யம் என்று ஓர் எண்ணாக இருந்ததை அங்கே ஒரு குடும்பமாகப் பார்த்தேன்.

கணக்கு வருமா என்று மகளைக் கேளுங்கள். பயப்படுகிற அளவு இல்லை, ஆனால் தப்பிக்கவும் முடியாது. ஒரு கடை செலவு போக வருஷத்துக்கு 60,000 வெள்ளி வாடகை தருகிறது. முதலீட்டாளர் 5 விழுக்காடு வருமானம் எதிர்பார்த்தால் அதன் மதிப்பு 12 லட்சம். அவர் 4 விழுக்காடு போதும் என்றால் 15 லட்சம். கடையில் ஒரு செங்கல்கூட மாறவில்லை, மதிப்பு 3 லட்சம் ஏறிவிட்டது. அந்த ஒரு விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு செமஸ்டர் ஆனது. பலரிடம் பணம் திரட்டிக் கட்டடங்களை வாங்கி, வாடகையைப் பங்கிட்டுத் தரும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகள், அதாவது ரீட், முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. சிங்கப்பூரில் முதல் ரீட் 2002இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. நிதித் துறைக்குப் போக ஆசையிருந்தால் அந்தக் கதவும் திறந்திருக்கிறது.

அப்புறம் சட்டம். அதை மனப்பாடப் பாடம் என்று நினைத்திருந்தேன். வேலையில் சேர்ந்த முதல் மாதமே ஒரு கீழ்வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேல்வீட்டு ஆண்ட்டி, “என் வீட்டுக் குழாய் நல்லாத்தான் இருக்கு தம்பி, நான் எதுக்குச் செலவு செய்யணும்?” என்றார். இப்படிக் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால், அப்படி இல்லை என்று காட்டும்வரை, கோளாறு மேல்வீட்டில் என்றே இங்குள்ள சட்டம் எடுத்துக்கொள்கிறது. அது எனக்குத் தெரியும். அதை எழுபது வயதுக்காரரிடம் முகம் சுளிக்காமல் எப்படிச் சொல்வது என்பது தெரியவில்லை. மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் முறை குளியலறைத் தரையைச் சோதிக்க விட்டார். தரைக்கு அடியில் நீர்க்காப்புப் பூச்சு போயிருந்தது. செலவை இரண்டு வீடும் பகிர்ந்துகொண்டன. இந்தத் தொழிலில் பாதி இதுதான் என்று உங்கள் மகளிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

மீதிப் பாதி, வரப்போகும் செலவை முன்கூட்டியே கண்டு பணம் சேர்த்துவைப்பது. 2022இலிருந்து 20 வயதைத் தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களின் வெளிச்சுவரை 7 ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். மின்தூக்கி மாற்றுவது, மேல்தளத்தில் நீர்க்காப்பு போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் சிங்கிங் ஃபண்டில், அதாவது பெரிய செலவுகளுக்கென்று சேர்த்துவைக்கும் நிதியில், பணம் இருக்க வேண்டும். மாதக் கட்டணத்தில் 30 வெள்ளி ஏற்றலாம் என்றால் கூட்டத்தில் குரல் உயரும். வருத்தமாக இருக்கும், ஆனால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு அது பெரிய தொகை.

பழைய கட்டடத்தை எல்லாரும் சேர்ந்து விற்பதும் பாடத்தில் வரும். பத்து ஆண்டு தாண்டிய கட்டடம் என்றால் பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 விழுக்காடு வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் போதும். 1976இல் எழுந்த பேர்ல் பேங்க் குடியிருப்பு 2018இல் 728 மில்லியன் வெள்ளிக்கு விற்கப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அதே காலத்துக் கட்டடமான கோல்டன் மைல் வளாகத்துக்கோ 2021இல், இடிக்காமல் பேணவேண்டிய மரபுக் கட்டடம் என்ற தகுதி கிடைத்தது. பேர்ல் பேங்க் போயிருக்கக்கூடாது என்பது என் கருத்து. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் கொண்டோவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பு ஒரு கணக்குப் புத்தகம் அனுப்புவார்கள், பெரும்பாலும் பிரிக்காமலே கிடக்கும். இந்த முறை அதை மகளிடம் கொடுங்கள். சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது, மின்தூக்கிக்கு என்ன வயது என்று அவளாகவே வந்து கேட்டால், யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள்.