வால் யாருக்காக வளர்ந்தது?

அன்புள்ள ஐயா,

என் ஒன்பது வயது மகனோடு ‘வாக்கிங் வித் டைனோசர்ஸ்’ பழைய தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். அன்கைலோசாரஸ் என்ற கவச விலங்கு வாலால் அடித்ததில் ஒரு தாய் டைரனோசாரஸ் செத்துப்போகிறது. தழை தின்கிற சாதுவான பிராணிக்கு அத்தனை வலு இருந்ததா, தொலைக்காட்சிக்காகச் சேர்த்ததா? பிள்ளைகளுக்கு இவ்வளவு வன்முறை தேவையா? இப்படிப்பட்ட விலங்கு நம் பக்கத்தில் வாழ்ந்ததா? தமிழில் நல்ல நூல் இருந்தால் சொல்லுங்கள்.

நிர்மலா, கொருக்குப்பேட்டை

அன்புள்ள நிர்மலா,

1999-இல் வந்த அந்தத் தொடரின் அதே காட்சியை அண்மையில் மறுபடி பார்த்ததிலிருந்து எனக்குள் ஒரு மனக்குறை இருந்துகொண்டே இருந்தது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. வலு இருந்தது, ஐயம் வேண்டாம். வாலின் பின்பாதி எலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு விறைத்த பிடியாகிவிட, அதன் நுனியில் எலும்புக் குண்டு அமர்ந்திருந்தது. நன்கு வளர்ந்த குண்டைப் பக்கவாட்டில் வீசினால் எலும்பு முறியும் என்று தொல்லுயிர் ஆய்வாளர் விக்டோரியா ஆர்பர் 2009-இல் கணக்கிட்டுக் காட்டினார். வன்முறைக் கேள்வியை விடுங்கள். மாலை முழுவதும் நம் வீடுகளில் ஓடும் மெகா தொடர்களை விடவா?

ஆனால் தழை தின்பதால் சாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கொருக்குப்பேட்டையில் குடியிருப்பவர் எழுதுகிற வரியா இது? சந்தில் மாடு குறுக்கே நின்றால் ஒதுங்கித்தானே போகிறீர்கள்? என் தாத்தா வியாசர்பாடியில் எருமை வைத்துப் பால் ஊற்றியவர். அந்தக் கொட்டகைக்குள் புலியும் வந்ததில்லை, நரியும் வந்ததில்லை. ஆனாலும் எருமைகளின் விலாவில் கொம்பு கீறிய புண் ஆறுவதற்குள் இன்னொன்று வந்துவிடும். கழுநீர்த் தொட்டியில் யார் முதலில் வாய் வைப்பது என்பதற்கே அத்தனை சண்டையும். ஆயா திட்டிக்கொண்டே வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஜூல் என்ற கவச டைனோசரைப் பற்றி 2022-இல் வெளிவந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் மொன்டானாவில் 2014-இல் கிடைத்த அந்த விலங்கு ஏறத்தாழ 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. இடுப்பை ஒட்டி இரு விலாவிலும் உள்ள முட்களில் சில, நுனி முறிந்து, பிறகு ஆறியிருந்தன. ஆறிய அளவும் ஒன்றுபோல் இல்லை என்பதால் அடி ஒரே நாளில் விழுந்ததன்று. காயங்கள் உடலெங்கும் சிதறாமல், தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்று பக்கத்தில் நின்று வாலை வீசினால் எங்கே படுமோ அங்கேயே இருந்தன. போதாக்குறைக்கு, இவ்வகை விலங்குகளில் குண்டு வளர வளரத்தான் உருவாகிறது; கொன்றுண்ணிகளுக்காகவே வந்த ஆயுதமென்றால், அது மிகவும் தேவைப்படும் குட்டியிடம் ஏன் இல்லை? டைரனோசாரஸ் நெருங்கியிருந்தால் அதற்கும் அடி விழுந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாலை வளர்த்தது பெரும்பாலும் அவற்றின் சொந்தச் சண்டை.

தொலைக்காட்சி மீது என் கோபம் இதுதான்: மாமிசம் தின்னும் விலங்கு வந்தால்தான் அதன் கேமரா கவச விலங்கின் பக்கம் திரும்புகிறது, அடித்து முடித்ததும் விட்டுவிடுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2011-இல் சுரங்கத் தொழிலாளி ஒருவர் கண்ணில் பட்ட போரியலோபெல்டா என்ற கவச டைனோசரின் வயிற்றில், 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடைசியாகத் தின்ற தழை அப்படியே இருந்தது. பெரும்பகுதி பெரணி இலை, கூடவே கரித்துண்டுகள் என்று 2020-இல் வெளியிட்டார்கள். காட்டுத்தீயில் எரிந்த நிலத்தில் மறுபடி துளிர்த்த பெரணியைத் தேடிப் போய் மேய்ந்திருக்கிறது, நிர்மலா! இதைவிட நல்ல காட்சி ஒரு தொடருக்குக் கிடைக்குமா? எதிரி இல்லாத பகலில் அதற்கு என்ன வேலை என்று காட்டத் தெரியாதவர்கள்தான் அதைச் சாதுவென்று உங்களை நம்பவைத்திருக்கிறார்கள்.

நூலுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் பையனையே அனுப்புங்கள்; அவன் எடுத்து வருவதைப் படியுங்கள். நம் பக்கத்துச் செய்தி என்றால் அரியலூர்தான். அங்கே கிடைத்த எலும்புகளுக்கு 1979-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் திராவிடோசாரஸ் என்று பெயரிட்டு, முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் வகை என்றார்கள். 1996-இல் சட்டர்ஜியும் ருத்ராவும் அது கடல் ஊர்வன என்று மறுத்தார்கள். அந்த வழக்கு பின்னரும் தொடர்ந்தது.

அன்புடன்.