இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவங்களைச் சேர்த்தால் நடுவில் ஓட்டை விழுகிறது. ஒரே வடிவமாக்குவது எப்படி?

நீங்கள் ‘கம்பைன்’ கொடுத்திருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது, உள்ளே கிடக்கும் கோடுகளை நீக்கி ஒரே வடிவமாக்கும் ‘யூனியன்’. இரண்டும் பாத் மெனுவில்தான் இருக்கின்றன. கும்பகோணத்தில் என் ஸ்டிக்கர் கடைக்கு வேலை பழக வருகிற பிள்ளைகள் முதலில் தடுமாறுவதும் இங்கேதான்.

கம்பைன் எந்தக் கோட்டையும் அழிப்பதில்லை. இரண்டு வடிவங்களின் கோடுகளையும் ஒரே பொருளாகக் கட்டிவைக்கிறது. பிறகு நிறத்தை எங்கே நிரப்புவது என்று மென்பொருள் எண்ணிப் பார்க்கிறது. ஓர் இடத்திலிருந்து வெளியே போக ஒற்றைப்படையாகக் கோடுகளைத் தாண்ட வேண்டுமானால் அது உள்பக்கம். இரட்டைப்படை என்றால் வெளிப்பக்கம். ஏறிய பகுதியிலிருந்து இரண்டு கோடுகளைத் தாண்ட வேண்டும். ஆகவே அங்கே ஓட்டை.

ஃபில் பெட்டியில் இந்த விதியை மாற்றும் பொத்தான் உண்டு. இரு வடிவங்களும் ஒரே திசையில் சுற்றினால் ஓட்டை மூடிக்கொள்ளும். அதை நம்பி விடாதீர்கள், கோடு உள்ளேயே கிடக்கிறது. அச்சுக்கு அது போதும். ஆனால் ஸ்டிக்கர் வெட்டும் கத்திக்கு நிறம் தெரியாது, கோடு மட்டுமே தெரியும்.

இதை நான் கற்றது பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவரின் டிராக்டரில். வண்டிக்குக் ‘காவிரி’ என்று பெயர் வைத்திருந்தார். பழைய எழுத்துருவில் ‘வி’, ‘ரி’ இரண்டிலும் மேல்விலங்கு, அதாவது மேலே வளையும் இகரக் குறி, தனி வடிவம். எழுத்தின்மேல் சற்றே ஏறி நிற்கும். திரையில் குறையே தெரியவில்லை. ஒட்டும்போது மேல்விலங்குகள் கழன்று வந்தன, ஏறிய இடத்துத் துணுக்குகள் தாளிலேயே தங்கிவிட்டன. “பரவாயில்லை தம்பி, நாளைக்கு வருகிறேன்” என்று போனார். குறுவை அறுவடை நேரத்தில் அவருக்கு ஒரு நாள் வீணானது இன்றும் என் மனதில் இருக்கிறது.

எழுத்தை ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ மூலம் பாதையாக்குங்கள், அதாவது வெறும் கோட்டு வடிவமாக்குங்கள். அதற்கு முன் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. குழுவைப் பிரித்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலுடன் கூட்டல் குறியை அழுத்துங்கள், அதுதான் யூனியன். வியூ மெனுவில் அவுட்லைன் காட்சிக்கு மாறி, குறுக்கே கோடு எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே வெட்ட அனுப்புங்கள். கோரல்டிராவில் இதே வேலைக்கு ‘வெல்ட்’, ஃபோட்டோஷாப்பில் ‘மெர்ஜ் ஷேப் காம்பொனன்ட்ஸ்’.

ஏற்கெனவே கம்பைன் செய்து சேமித்துவிட்ட கோப்பு என்றால் ‘பிரேக் அபார்ட்’ கொடுத்துப் பிரிக்கலாம். ஆனால் ‘க’, ‘வ’ ஆகியவற்றின் உள்வெளிகளும் தனி வடிவங்களாகிவிடும். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் யூனியன் செய்யுங்கள். பின்னர் ‘டிஃபரன்ஸ்’ கொண்டு ஒவ்வொன்றாகத் துளையுங்கள். பொறுமை வேண்டிய வேலை.

சிக்குக் கோலம் வெட்டக் கேட்பவர்களும் வருகிறார்கள். யூனியன் கோட்டின் தடிமனைக் கணக்கில் எடுக்காது. எனவே முதலில் ‘ஸ்ட்ரோக் டு பாத்’, அடுத்து யூனியன். இழைகள் கடக்கும் இடமெல்லாம் ஒன்றாகி, நடுவெளிகள் அப்படியே நிற்கும். புள்ளிகளை மட்டும் தனி லேயரில் வையுங்கள். பெரும்பாலும் அவற்றை வேறு நிறத்தில் வெட்டச் சொல்வார்கள்.