இறுகிப்போன 15 குதிரைசக்தி படகு மோட்டார்: கயிற்றை இனி இழுக்காதீங்க

அண்ணே, நிபோங் திபால் கொட்டகையில ரெண்டு வருசம் கிடந்த பழைய டூ-ஸ்ட்ரோக் யமஹா, ஸ்டார்ட் பண்ற கயிறு அசையவே இல்லன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாருங்க. கியர்ல இருந்தா கயிறு பூட்டிக்கும். அடுத்து கயிறு சுத்துற மூடியைக் கழற்றி, கீழே இருக்கிற கனமான சக்கரத்தை, அதான் பிளைவீலை, கையால திருப்புங்க. சுத்தினா கோளாறு மூடியிலதான்.

சுத்தலன்னா கீழ் கியர் பெட்டியை இறக்கிட்டு மறுபடி பாருங்க. அப்பவும் அசையலன்னா சிலிண்டர் உள்சுவர் துருப்பிடிச்சு பிஸ்டன் ஒட்டிக்கிட்டிருக்கலாம். உப்புத்தண்ணி ஏறுற ஆத்துல ஓட்டிட்டு நல்ல தண்ணியில கழுவாம வச்சா இதுதான் நடக்கும்.

ஸ்பார்க் பிளக் ரெண்டையும் கழற்றி, ஓட்டை மேல பார்க்கிற மாதிரி மோட்டாரைப் படுக்க வையுங்க. நிமிர்ந்து நின்னா எண்ணெய் அடியில மட்டும்தான் தேங்கும். ஏடிஎஃப் எண்ணெயும் (ஆட்டோ கியர் கார்ல ஊத்துற கியர் எண்ணெய்) அசிட்டோனும் சரிபாதி கலந்து, பிளக் ஓட்டை வழியா சிலிண்டருக்கு 30 மில்லி ஊத்துங்க. அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும், கவனம். மூணு நாலு நாள் ஊறட்டும், தினம் கொஞ்சம் சேருங்க.

பிறகு பிளைவீல் நட்டுல நீளக் கைப்பிடி சாக்கெட் போட்டு, கடிகாரத் திசையில மெதுவா அழுத்துங்க. எதிர்த்திசையில திருப்பினா நட்டு கழண்டுடும். சுத்தியல் மட்டும் வேண்டாம்ணே, உள்ளே காந்தம் உடைஞ்சிடும்.

பிஸ்டன் விட்டுக்கொடுத்தா எண்ணெயை வெளியேத்தி, பிளக் ஓட்டையில கேஜ் வச்சு கம்ப்ரஷன் (சிலிண்டர் உள்ள வர்ற அழுத்தம்) பாருங்க. ரெண்டு சிலிண்டரும் 90 பிஎஸ்ஐக்கு மேல, கிட்டத்தட்ட சமமா இருக்கணும். மோட்டாரைக் குளிர வைக்கிற தண்ணி பம்ப்ல சுத்துற ரப்பர் இம்பெல்லரைக் கட்டாயம் மாத்துங்க. முதல் டேங்குக்கு 10 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் கலந்துக்கோங்க.